கையெழுத்துப் போடாத அம்மா

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. கடைசிப் பிள்ளை, மூத்தவர்கள் இரண்டு அண்ணன்கள். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. அவர் பெயரில் 45 சென்ட் இருக்கிறது. 20 சென்ட் தாத்தாவிடமிருந்து பாகத்தில் வந்தது, 25 சென்ட் அப்பா சம்பளத்தில் வாங்கியது. வீடு அந்த 25 சென்டில் நிற்கிறது. அம்மாவுக்கு 61 வயது. குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அந்த வீட்டிலேயே இருக்கிறார்.

ஏழு மாதங்களுக்கு முன் அண்ணன்கள் ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மாவும் தங்கையும் தங்கள் பாத்தியதை முழுவதையும் அண்ணன்களுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. "அம்மாவுக்குச் சாகும்வரை இருக்கத்தான் உரிமை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது. நம்ம பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதுதான் சட்டம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு சபை மூப்பர் ஒருவர் வந்தார். விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் போல மனப்பூர்வமாகக் கொடுத்துவிட்டால் ஆசீர்வாதம் என்று சொல்லி ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார்.

மகள் எழுதுகிறார்: "அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அம்மா வாய்விட்டு அழவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து முழங்கால்படியிடுவார். ஞாயிறு ஆராதனைக்குப் போவார், வருவார். அப்பா வாங்கியிருந்த கூட்டுறவு வங்கிக் கடனை ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்டி முடித்தார். எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. பத்திரத்தைப் பற்றிக் கேட்டால், 'அப்பா கட்டின வீடு மக்களே, இப்ப என்ன அவசரம்' என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். என் அம்மா எதிர்த்துப் பேசத் தெரியாதவர். யாராவது அழுத்தினால் போட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அவரிடம் பவர் பத்திரம் வாங்கி நானே வழக்குப் போடட்டுமா? எனக்குச் சொத்து வேண்டாம், அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை வழக்கறிஞராகப் படித்தேன்: யார் பெயரில் எவ்வளவு, உயில் உண்டா, வாரிசு எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டே போனேன். இரண்டாம் தடவை படித்தபோது ஏழு மாதம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அழுத்தினால் அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். இரண்டு மகன்கள் அழுத்தியாயிற்று. சபை மூப்பர் வசனத்தோடு வந்து அழுத்தியாயிற்று. ஏழு மாதமாக அந்தத் தாள் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தினமும் காலையில் வேதாகமத்தைத் திறக்கும்போது கண்ணில் படுகிறது. பேனா அதன்மேல் படவில்லை.

வாய் திறந்து மறுக்கவில்லை என்பதால் அம்மா மறுக்கவே இல்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சத்தம் போட்டு மறுத்துவிட்டு, அடுத்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா பெற்ற பிள்ளைகளை ஒரு கடுஞ்சொல் சொல்லாமல், அவர்கள் கேட்டதையும் கொடுக்காமல் ஏழு மாதம் நின்றிருக்கிறார். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். "இப்ப என்ன அவசரம்" என்பதும் சட்டப்படி மிகச் சரியான பதில். அவசரம் ஒன்றும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன்கள் சொல்லும் சட்டம் எங்கே போயிற்று

அண்ணன்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்லும் சட்டம் உண்மையிலேயே இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு அது கொச்சியோடு இணைந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. அங்கே 1916இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம்தான் நடந்தது. அதன்படி விதவைக்கு நிலத்தில் ஆயுள்கால அனுபவம் மட்டும்தான். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. உங்கள் தாத்தா காலத்துப் பேச்சு அப்படியே அண்ணன்கள் வாயில் வருகிறது.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் இதை முடித்துவைத்தது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925தான் பொருந்தும் என்று தீர்ப்பு. உங்கள் அப்பா காலமானது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே பழைய சட்டத்துக்கு இங்கே ஒரு மூலைகூட இல்லை. சட்டம் போய் இத்தனை காலமாகியும் வழக்கம் மட்டும் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வழக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்.

ஒன்பதில் ஐந்து

1925 சட்டத்தின் 33ஆம் பிரிவு எளிமையானது. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வேறுபாடு கிடையாது. உங்கள் வீட்டுக் கணக்கில் சொத்தை ஒன்பது கூறாக்கினால் அம்மாவுக்கு மூன்று, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு. 45 சென்டில் அம்மாவுக்கு 15, ஒவ்வொரு பிள்ளைக்கும் 10. வீட்டுக்கும் இதே விகிதம். அம்மாவின் பங்கு ஆயுள்காலத்துக்கு மட்டுமல்ல, முழு உரிமை. விற்கலாம், எழுதிக்கொடுக்கலாம், உயில் வைக்கலாம்.

அந்த விடுதலைப் பத்திரம் கேட்பது என்ன என்று இப்போது பாருங்கள். அம்மாவின் மூன்றும் உங்கள் இரண்டும் சேர்த்து ஒன்பதில் ஐந்து. பாதிக்கு மேல் சொத்து உங்கள் இரண்டு பேருடையது. அதை ஒரு சம்பிரதாயக் கையெழுத்து என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தாத்தா வழி வந்த 20 சென்டைப் பூர்வீகம், அது ஆண்களுக்குத்தான் என்று பெரிய அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிறப்பால் மகனுக்கு வரும் கூட்டுக்குடும்பப் பங்கு என்பது இந்துச் சட்டத்தில் உள்ளது. அங்கேயே 2005 முதல் மகளுக்கும் அது சமம். கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒன்றே இல்லை. பாகத்தில் அப்பா கைக்கு வந்த நாளிலிருந்து அந்த 20 சென்டும் அவருடைய தனிச்சொத்து. அவர் வாங்கிய 25 சென்டுக்கு என்ன கணக்கோ அதே கணக்குத்தான் இதற்கும்.

உங்கள் கல்யாண நகை? அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல இருக்கும். பெற்றவர் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, உயில் இல்லாத சொத்தில் அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது சேர்க்கக் கூடாது. உங்கள் நகையும் சேராது, சின்ன அண்ணனுக்குக் கடை வைக்க அப்பா கொடுத்த முதலும் சேராது.

இன்னும் ஒன்று. அப்பாவின் கடனை அம்மா தனியாகக் கட்டி முடித்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தின்மேல் உள்ள பாரம், அதை எல்லா வாரிசுகளும் பங்குக்கேற்பச் சுமக்க வேண்டும். பாகம் பேசும்போது அந்தத் தொகையைக் கணக்கில் கொண்டுவரக் கேட்க அம்மாவுக்கு முழு நியாயம் உண்டு. ரசீதுகள் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அம்மாவைப் பற்றி நான் புரிந்துகொண்டவரை, தேதி வாரியாகக் கோர்த்து வைத்திருப்பார். குடும்ப ஓய்வூதியம் இந்தப் பங்குக் கணக்கில் வராது. அது அம்மாவுக்கு மட்டுமே உரியது.

வசனம் சொல்லி வாங்கும் கையெழுத்து

வேதத்தை விளக்க என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் கிறிஸ்தவக் குடும்பங்களின் பாகத் தகராறுகளில், மூப்பர் சொன்ன அதே இரண்டு பகுதிகளும் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு காசு போட்ட விதவையை மாற்கு 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் பார்க்கிறோம். அவளை யாரும் கேட்கவில்லை. பத்திரம் எழுதி முன்னால் நீட்டவில்லை. தானாக வந்து, தன்னுடையதை, தேவனுடைய பெட்டியில் போட்டாள். அதற்கு இரண்டே வசனம் முன்னால் (12:40) விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இந்த அதிகாரம் மனப்பாடமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். மூப்பர் பேசும்போது அவர் மௌனமாக இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்பது 1 கொரிந்தியர் 6. சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கண்டிப்பது உண்மை. ஆனால் அதே இடத்தில், உங்களுக்குள் நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட இல்லையா என்றும் கேட்கிறார். அநியாயம் செய்கிறவர்களையும் நஷ்டப்படுத்துகிறவர்களையும் கண்டிக்கிறார். ஆகவே சபையின் வேலை விதவையை விட்டுக்கொடுக்கச் சொல்வதோடு முடியவில்லை. நடுவில் உட்கார்ந்து கணக்குக் கேட்பதும் அதன் வேலைதான். ஆதிச் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்ற முறையீடு வந்தபோது, பங்கீட்டைச் சரியாக நடத்த ஏழு பேரை நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). இயேசு சொன்ன உவமையில் நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் எனக்கு நியாயம் செய்யும் என்று கேட்டவளும் ஒரு விதவைதான் (லூக்கா 18). அவளை அவர் குறை சொல்லவில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கே அவளைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார்.

இதையெல்லாம் மூப்பரோடு வாதாட எழுதவில்லை. அவரும் நல்ல எண்ணத்தில் வந்திருக்கலாம், அண்ணன்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கலாம். சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "எல்லாரையும் கூட்டி வைத்து நீங்களே பேசித் தாருங்கள்" என்று அவரையோ உங்கள் போதகரையோ கேளுங்கள். பவுல் கேட்ட விவேகியாக இருக்க அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு.

முன்னால் உள்ள வழிகள்

முதல் வழி, அம்மா இப்போது செய்வதுதான்: ஒன்றும் எழுதாமல் இருப்பது. அப்பா இறந்த நொடியிலேயே பங்கு உங்கள் நால்வருக்கும் வந்துவிட்டது. அதற்குப் பத்திரம் தேவையில்லை. நால்வரும் கையெழுத்துப் போடாமல் முழுச் சொத்தை யாரும் விற்க முடியாது. அண்ணன்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்வதாலோ தேங்காய் வெட்டுவதாலோ உங்கள் பங்கு கரைந்துவிடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் கூடாது. தக்கலையில் உள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, அதில் அம்மா பெயரும் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போட்டு, அப்பா காலத்துக்குப் பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா மாறியிருந்தால் பதறாதீர்கள். பட்டா உரிமையைப் பிறப்பிக்காது, தவறாக மாறியிருந்தால் மேல்முறையீடு செய்யலாம். நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிப்பது நல்லது.

இரண்டாவது, பாகப்பிரிவினைப் பத்திரம். என்னைக் கேட்டால் உங்கள் குடும்பத்துக்கு இதைத்தான் சொல்வேன். நால்வரும் உட்கார்ந்து பேசி, வீடும் அதைச் சுற்றிய 15 சென்டும் அம்மாவுக்கு, மீதி 30 சென்ட் பிள்ளைகள் மூவருக்கும் என்று அளந்து எழுதிப் பதிவு செய்வது. வீட்டின் மதிப்பு அம்மாவின் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகிறது என்று அண்ணன்கள் சொன்னால், கட்டிய கடனை அந்தப் பக்கம் சேர்த்துப் பேசலாம். அதன் பிறகு அம்மா தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அண்ணன்களுக்கே எழுதலாம். அப்போது அது அவர் கொடுத்ததாக இருக்கும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சியோ சாட்சியின் கணவனோ மனைவியோ உயிலில் பங்கு பெறுகிறவராக இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாது.

மூன்றாவது, அம்மா இப்போதே கொடுக்க விரும்பினால். விரும்பலாம், அவருடையது. அப்போதும் இந்த விடுதலைப் பத்திரம் வேண்டவே வேண்டாம். அதில் வெறுமனே விட்டுக்கொடுத்தேன் என்றுதான் இருக்கிறது. பதிவானபின் மனம் மாறினாலோ, ஏமாற்றி வாங்கினார்கள் என்று தெரிந்தாலோ, ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. செட்டில்மெண்ட் பத்திரமாக (குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதி, வீட்டில் வசிக்கவும் வருமானம் எடுக்கவும் ஆயுள்கால உரிமையை அம்மா தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் எழுதிக்கொடுத்ததைச் செல்லாததாக்கக் கேட்க வழி தருகிறது. 60 வயது தாண்டிய அம்மாவுக்கு அது பொருந்தும். நிபந்தனை பத்திரத்தில் இல்லாமல் அன்பினால் கொடுத்தேன் என்று மட்டும் இருந்தால் அந்தப் பிரிவைப் பயன்படுத்துவது சிரமமாகிவிடும்.

நான்காவது, சமரசம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பேசி முடிந்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) தீர்வானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வசனம் கேட்டுத் தயங்கும் குடும்பங்களுக்கு இது ஒத்துவரும், ஏனென்றால் அங்கே வாதி, பிரதிவாதி என்று எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை.

கடைசி வழி பாகப்பிரிவினை வழக்கு. உங்கள் பங்கு உறுதியானது, வழக்கும் பலமானது. ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நீங்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது: உங்கள் பெயரில் போட்டால் எல்லாப் பங்குதாரர்களையும் சேர்த்தாக வேண்டும், அம்மாவையும். அண்ணன்கள் பெயரோடு அம்மா பெயருக்கும் சம்மன் போகும். அம்மாவுக்காகத் தொடங்கிய வழக்கில் அம்மாவே பிரதிவாதியாக நிற்கும் நிலை வரலாம்.

பவர் பத்திரம் வேண்டாம்

இங்கே உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பவர் வாங்கி நீங்களே நடத்துகிறேன் என்கிறீர்கள். அண்ணன்கள் ஒரு தாளோடு வந்தார்கள். நீங்கள் இன்னொரு தாளோடு போகப் பார்க்கிறீர்கள். உங்கள் நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு தாளும் அம்மா தீர்மானிக்க மாட்டார் என்ற ஒரே நினைப்பில் எழுதப்படுகிறவை. அம்மா நினைவு தெளிவாக இருக்கிறார், கடனை அடைத்திருக்கிறார், வீட்டை நடத்துகிறார். அவர் சார்பில் முடிவெடுக்க இன்னொருவர் தேவைப்படும் நிலை அவருக்கு வரவில்லை.

அடக்கத்தன்று அவர் அழாததை நினைத்துக் கவலைப்படுவதும் தெரிகிறது. நான் மருத்துவர் அல்ல. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, ஆராதனைக்குப் போவதை நிறுத்துவது, இருந்து என்ன பயன் என்பது போலப் பேசுவது இவற்றில் எதையாவது பார்த்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. நாலரை மணிக்கு முழங்கால்படியிடும்போது அவர் என்ன பேசுகிறார், அழுகிறாரா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முப்பத்தைந்து நாற்பது ஆண்டு கூட வாழ்ந்தவரைப் பற்றிய துக்கத்தை அவர் அங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்றால், அதை நமக்கும் காட்ட வேண்டும் என்று கேட்க முடியாது.

உங்களைப் பற்றியும் ஒன்று. முதல் பக்கத்தில் எனக்குச் சொத்து வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் எனக்கும் பங்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த 10 சென்ட் உங்களுடையது. வேண்டுமா, அண்ணன்களுக்கு விட்டுக்கொடுப்பதா என்பதை அம்மாவின் விஷயத்தோடு கலக்காமல், நிதானமாக, தனியாக முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே பத்திரத்தில் போட மட்டும் சம்மதிக்காதீர்கள். அம்மா கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக உங்கள் கையெழுத்தை முதலில் கேட்பார்கள், உங்கள் பெயரைக் காட்டி அம்மாவிடம் போவார்கள். இப்படி நடந்து பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் போகும்போது

ஊருக்குப் போய் ஒரு நாளாவது அம்மாவோடு தங்குங்கள். காலை ஜெபம் முடிந்தபின், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். அண்ணன்களைப் பற்றிக் குறை பேசித் தொடங்காதீர்கள்; எந்தத் தாயும் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்வார். ஒன்பது கூறுக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். சாகும்வரை இருக்கும் உரிமைதான் தனக்கு என்று அவர் நம்பிக்கொண்டிருக்கலாம். 15 சென்ட் தன்னுடைய சொந்தம் என்று அவருக்கு இதுவரை யாராவது சொல்லியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பிறகு மூன்று கேள்விகள் போதும். கடைசிவரை இந்த வீட்டில் இருக்க ஆசையா? தன் பங்கைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்க நினைக்கிறார், இப்போதா, தன் காலத்துக்குப் பிறகா? இதை யார் முன்னால் பேசினால் அவருக்குச் சங்கடம் இருக்காது: போதகரா, வெளியாள் ஒருவரா?

பதில் உடனே வராது. ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அதுவரை வில்லங்கச் சான்றையும் வாரிசுச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். அண்ணன்கள் மறுபடி கேட்டால், "அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அந்த விடுதலைப் பத்திரம் அம்மாவின் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கட்டும். கேட்டு வாங்கிக் கிழித்துப் போட வேண்டாம். அம்மாவின் அனுமதியோடு ஒரு நகல் மட்டும் எடுத்து, சான்றுகளோடு எனக்கு அனுப்புங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.